சஷ்டிகாவின் சுண்டு விரல்

அழுகாத தாயி. சுண்டு விரல் மடங்கிக்கிட்டு நிமிர மாட்டேங்குதேன்னுதான அழுகுற? டாக்டர் உங்கிட்டச் சொன்னதெல்லாம் என் காதுலயும் விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கல. இந்தப் பெஞ்சுல உக்காந்தா உள்ள பேசுறது எல்லாமே விழும். எனக்குப் பழகுன பெஞ்சு இது. முழங்கை ஒடஞ்சு, கம்பி போட்டு, எலும்பு நல்லாக் கூடி வந்த பெறகு ரெண்டு விரல் மட்டும் மரத்துப்போயிக் கெடக்குற பிள்ளைக இங்க வரத்தான் செய்யும். ஒன் பிள்ளை மொதப் பிள்ளை இல்ல. எங்க சஷ்டிகாவுக்கும் இதேதான் ஆச்சு.

சஷ்டிகா என் தம்பி மக. ரெண்டாப்புப் படிக்கிறா. இன்னைக்கு அவளைக் கமுதியிலருந்து கூட்டிக்கிட்டு வர்றாங்க, பெரிய டாக்டர் பாத்து முடிவு சொல்லப் போறாரு. விரலுக்குப் பலம் வந்திருந்தா சரி, இனிமே இந்தப் பக்கமே வர வேண்டியதில்ல. வரலைன்னா நரம்பைத் திறந்துதான் பாக்கணும்னு போன தடவையே சொல்லிட்டாரு. அப்பிடி ஆச்சுன்னா பிள்ளை மறுபடியும் எங்கிட்டத்தான் இருந்தாகணும். செல்லூர்லதான் என் வீடு, இங்கருந்து ஒரே பஸ்ஸு. அவங்களுக்கு மதுரையில என்னைய விட்டா யாரு இருக்கா? நீயே சொல்லு.

என் பேரு தமயந்தி. பால்வாடியில ஆயாவா இருந்து ரிட்டையர் ஆனவ. எத்தனை பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியிருப்பேன்னு எனக்கே தெரியாது. மீசை வச்ச ஆம்பளையெல்லாம் ரோட்டுல நின்னு, 'ஆயா, நல்லாருக்கியா'ன்னு கேப்பான். எனக்குன்னு வயித்துல ஒண்ணும் தங்கல. வீட்டுக்காரரும் போயிச் சேந்துட்டாரு. அதுக்காக நான் யாரையும் எதிர்பாத்துக் கெடக்கல. வீட்டுக்குள்ளயே பைப்பு இருக்கு, டிவி இருக்கு, எனக்கு ஒரு கொறையும் கெடையாது. ஒரு ஆளுக்கு என்ன வேணும், சொல்லு.

அவ எப்பிடி விழுந்தான்னு சொல்றேன் கேளு. எங்க ஊருப் பக்கம் தண்ணிக்கு லாட்டரிதான், வந்தா உண்டு. தண்ணி டிராக்டரு வந்துச்சுன்னா ஊரே குடத்தோட ஓடும். இவ குடத்தோட ஓடாம வண்டிக்குப் பின்னாடி படியில ஏறித் தொங்கியிருக்கா. வண்டிக்காரன் தெரியாம எடுத்துட்டான். கையை ஊனி விழுந்தா, வலது முழங்கை ரெண்டாப் போச்சு. இங்க தூக்கிட்டு வந்து, மயக்கம் குடுத்து, உள்பக்கம் ஒண்ணு வெளிப்பக்கம் ஒண்ணுன்னு கம்பி போட்டாங்க. எலும்பு அழகா உக்காந்துருச்சு. எக்ஸ்ரே போட்டோவுல பாத்தா ஒடஞ்ச கைன்னு சொல்ல மாட்ட. ஆனா மறுநாள் காலையில பிள்ளை, 'சுண்டு விரலைக் காணோம்'ங்கிறா. 'இருக்குடீ'ன்னு தொட்டுக் காட்டுனா, 'தொட்டது தெரியலையே'ங்கிறா.

டாக்டர் தங்கமான மனுசன், பொய் சொல்லல. சுவத்துல முழங்கையை இடிச்சா சுண்டு விரல் வரைக்கும் சுர்ருன்னு ஏறுமே, அந்த நரம்பு உள்பக்கத்துலதான் ஓடுதாம். கம்பி போடுறப்ப அது நசுங்கியிருக்குன்னாரு. அந்தக் கம்பியை மட்டும் அப்பவே உருவிட்டாரு. 'அறுந்திருக்க வாய்ப்பு கம்மி. நசுங்குன நரம்பு பெரும்பாலும் தானா வந்துரும், ஆனா மாசக்கணக்கா ஆகும், பொறுமையா இருக்கணும்'னாரு. அதுவரைக்கும் விரல் மடங்கியே இறுகிறக் கூடாதுன்னு விரலை நிமித்திக் கட்ட ஒரு பட்டை குடுத்தாரு. தெனம் நீவி நீவி நிமித்தணும். வாரம் ரெண்டு தடவை இங்க கைப்பயிற்சிக்கு வரணும். முடிஞ்ச அளவு அந்தக் கையாலயே எல்லா வேலையும் செய்யணும். ஒன் பிள்ளைக்கும் இதையேதான சொன்னாரு?

கமுதியிலருந்து வாரம் ரெண்டு தடவை எப்பிடி வர? எந் தம்பி பால்பாண்டி மினி வேன் ஓட்டுறான், அவன் பொண்டாட்டி ரேணுகா இடுப்புல கைக்குழந்தை. ரெண்டு பேரும் திருதிருன்னு முழிக்கிறாங்க. நாந்தான் சொன்னேன், 'பிள்ளையை எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. நான் சும்மாதான இருக்கேன், பள்ளிக்கூடமும் எங்க தெருவுலயே இருக்கு'ன்னு. பால்பாண்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அக்கா, நீ இல்லைன்னா நாங்க என்ன பண்ணுவோம்'னான். அந்தச் சொல்லு எனக்கு ரொம்ப நாளைக்குப் போதும்.

வந்த புதுசுல கைப்பயிற்சிக்காரப் பொண்ணு ஒண்ணு சொன்னா. பெனாசீர்னு பேரு, அந்தா கடைசி ரூம்புல இருக்காளே, அவதான். 'அம்மா, அந்த ரெண்டு விரல்லயும் சூடு தெரியாது, பாத்துக்கோங்க'ன்னா. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாள் தோசை சுட்டுக்கிட்டிருக்கேன், இவ தட்டை நீட்டிக்கிட்டு பக்கத்துல நின்னு பள்ளிக்கூடத்துக் கதை பேசுறா. கை தோசைக்கல்லு விளிம்புல பட்டிருக்கு. பிள்ளை கத்தல தாயி. சிரிச்சுப் பேசிக்கிட்டே நிக்கிது. கருகுற வாடை எனக்கு வந்த பெறகுதான் பாக்குறேன், விரல் தோலு வெந்து சுருண்டு கெடக்கு. நான் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுகுறேன். அவ என்னைப் பாத்து, 'ஏன் அத்தை அழுகுற?'ங்கிறா. தனக்கு வலிக்கிறது தனக்கே தெரியாத பிள்ளையை நீ எப்பிடி விட்டுட்டு இருப்ப?

அன்னைக்கு முடிவு பண்ணேன். இனி இந்தக் கையில ஒண்ணும் படக்கூடாது.

சாப்பாடு வேற பெரிய பாடு. ரெண்டு விரலும் சேராதா, ரசஞ்சோறு இடுக்கு வழியா ஒழுகி சட்டையெல்லாம் ஆயிரும். தட்டுலருந்து வாய்க்குப் போறதுக்குள்ள பாதி மடியில கெடக்கும். பசி தாங்காம ஒரு நாள் இடது கையால அள்ளிச் சாப்பிடுறா. பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு ஒருத்தர் வீட்டுக்குப் போறவ, பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? தட்டை வாங்கி வச்சு, 'ஆ காட்டு'ன்னேன். காட்டுனா. அவ்வளவுதான், அன்னையிலருந்து மூணு வேளையும் என் கைதான். நல்லாப் பெசஞ்சு, நெய் விட்டு, உருண்டை உருண்டையா. முருங்கைக்காயை வழிச்சு, மீனை முள்ளு எடுத்து. ஊருல ஒரு தோசை தின்ன அடம் பிடிக்கிற பிள்ளை எங்கிட்ட மூணு தின்னுச்சு. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி ஆயிருச்சு.

சாப்பாடு மட்டும்னு நெனைக்காத. தலை சீவி விடுறது, பட்டன் போட்டு விடுறது, பைப்பைத் திறந்து விடுறது, பென்சிலைச் சீவுறது, எல்லாம் நாந்தான். வீட்டுப் பாடங்கூட அவ சொல்லச் சொல்ல நாந்தான் எழுதுவேன். 'ஆனா ஆவன்னா எழுத்து திடீர்னு ஆயா எழுத்து மாதிரி இருக்கே'ன்னு டீச்சர் கேட்டாகளாம். பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவா, 'அக்கா, ராணிக்குக்கூட இந்த மாதிரி பணிவிடை நடந்திருக்காது'ன்னு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஏன் இருக்கக் கூடாது?

அந்தப் பெனாசீர் வீட்டுல செய்யச் சொல்லி கலர்க் களிமண்ணு, ரப்பர் பேண்டு, துணி காயப்போடுற கிளிப்பு எல்லாம் குடுத்து விட்டா. கிளிப்பை அமுக்கி அமுக்கி கிண்ணத்து விளிம்புல மாட்டணும், மறுபடியும் எடுக்கணும். பிள்ளை ஒண்ணு ரெண்டு மாட்டுறதுக்குள்ள விரல் வெடவெடன்னு ஆடும், கண்ணு கலங்கிரும். எனக்கு மனசு கேக்குமா? 'நீ டிவி பாரு கண்ணு, அத்தை செய்றேன்'னு நான் வாங்கிக்கிருவேன். தெனம் சாயங்காலம் அவ பொம்மைப் படம் பாப்பா, நான் பக்கத்துல உக்காந்து கிளிப்பை மாட்டி மாட்டி எடுப்பேன். எனக்கு விரலு இப்ப இரும்பு மாதிரி இருக்கு, பிடிச்சுப் பாரு. முன்னாடி ஜாம் பாட்டிலு மூடி திறக்க எதுத்த வீட்டுப் பையனைக் கூப்பிடுவேன். இப்ப நானே திறந்துர்றேன்.

சிரிக்கிற. சிரி. ஒன் மூஞ்சியில சிரிப்பைப் பாத்ததே நல்லது.

அப்புறம் கையில கரண்டு வச்சுப் பாக்குற டெஸ்ட்டு ஒண்ணு எடுத்தாங்க. 'நரம்பு நல்லா வந்துக்கிட்டு இருக்கு'ன்னாங்க. தொட்டாலும் தெரியுது, சூடும் தெரியுது. ஆனா விரலுக்குப் பலம் மட்டும் வரல. அப்ப பெனாசீர் என்னையக் கூப்பிட்டு, இதே வராண்டாவுல, இத்தனை பேரு முன்னாடி கேக்குறா. 'அம்மா, வீட்டுல பாப்பா எந்தக் கையால சாப்பிடுறா?' நான் ஏன் மறைக்கணும்? 'நாந்தான் ஊட்டுறேன்'னேன். 'ஒரு வேளை மட்டுமா?' 'ஒரு வேளைகூட அவ கையை நனைக்க விட்டதில்ல'ன்னு நிமிந்து நின்னு சொன்னேன். அவ என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. சபாஷ்னு சொல்லுவான்னு நெனச்சேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன். 'அம்மா, நரம்பு வந்துருச்சு. கைதான் வரணும். அவளையே பெசையச் சொல்லுங்க, சிந்துனா சிந்தட்டும்'னா.

கல்யாணம் ஆகாத பொண்ணு. பிள்ளைப் பசியப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? நான் சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டு, 'நீயே சாப்பிடு கண்ணு'ன்னேன், மேடம் சொன்னதைச் செஞ்ச மாதிரி இருக்கட்டும்னு. பிள்ளை தட்டைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, வாயைத் திறந்துச்சு. நான் என்ன செய்ய? கல்லா நான்?

அந்தப் பொண்ணு அதோட விடல. பால்பாண்டிக்குப் போனைப் போட்டு என்னமோ சொல்லியிருக்கா. அடுத்த ஞாயித்துக்கெழமை ரேணுகா கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறா. வந்ததும் வராததுமா பிள்ளையோட துணியை எடுத்து வைக்கிறா.

"என்ன ரேணுகா, சொல்லாமக் கொள்ளாம?"ன்னேன்.

"மதினி, நீங்க பாத்துக்கிட்ட மாதிரி யாரும் பாத்துக்கிற முடியாது. அதுதான் பயமாருக்கு."

"பாத்துக்கிட்டா பயமா? இது என்னடி ஊருல இல்லாத பேச்சு?"

"கோவிச்சுக்கிறாதீங்க மதினி. அங்க எனக்குக் கைக்குழந்தை வேலையே சரியா இருக்கும், இவளைக் கவனிக்க நேரமே இருக்காது. அவளா எடுத்துத் தின்னாத்தான் உண்டு. மேடம் அப்பிடித்தான் இருக்கச் சொன்னாங்க, இனி வாராவாரம் பயிற்சிக்கு வர வேண்டாமாம்."

கேட்டியா ஞாயத்தை? கவனிக்க நேரமில்லாத எடத்துலதான் பிள்ளை நல்லா வருமாம். பெத்தவளா பேசுறா இது? முறுக்கைக் கட்டிக் குடுத்தேன், எண்ணெய்ப் பாட்டிலைக் குடுத்தேன். பட்டையை எப்பிடிக் கட்டணும்னு ரேணுகாவுக்குக் காட்டிக் குடுத்தேன். செருப்பை மாட்டுறப்ப சஷ்டிகா, 'அத்தை, நீ இனிமே யாரோட சாப்பிடுவ?'ன்னு கேட்டா. 'எனக்கென்ன, டிவியோட சாப்பிடுவேன்'னேன். அவ சிரிச்சுக்கிட்டே போயிட்டா. நான் கதவைச் சாத்திட்டு அப்பிடியே உக்காந்தேன்.

சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். சோறு பெசைஞ்சா கை தானா உருண்டை பிடிக்குது தாயி. பிடிச்ச பெறகுதான் எதுத்தாப்புல ஆளு இல்லைன்னு தெரியும். அந்த உருண்டையைத் தின்னவும் மாட்டாம, தட்டுல போடவும் மாட்டாம கையில வச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். முன்னாடியும் தனியாத்தான இருந்தேன்? அப்ப இப்பிடி இல்ல. வீடு அப்ப சின்னதா இருந்துச்சு. அவ வந்துட்டுப் போன பெறகு எப்பிடித்தான் இம்புட்டுப் பெரிசாச்சோ தெரியல.

தெனம் போன் போடுவேன். 'சாப்பிட்டுக்கிட்டு இருக்கா மதினி'ம்பா ரேணுகா. கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டாலும், 'இன்னும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கா'ம்பா. பிள்ளையைத் தட்டு முன்னாடி உக்கார வச்சுட்டு இவ அங்கிட்டுப் பாத்திரம் வெளக்குறா, சத்தம் கேக்கும். பாதிச் சோறு தரையில கெடக்குமாம், கோழி வந்து கொத்துமாம். இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்றா, கொடுமைக்காரி. 'பிள்ளைகிட்டக் குடு'ன்னா, 'கையெல்லாம் சோறு மதினி, அப்புறம் பேசச் சொல்றேன்'ம்பா. அந்த அப்புறம் எப்பவாவதுதான் வரும்.

அதனாலதான் இன்னைக்கு மொத ஆளா வந்து உக்காந்துட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு கட்டிலை ஃபேனுக்குக் கீழ இழுத்துப் போட்டு வச்சிருக்கேன். போர்வையைத் தொவைச்சுட்டேன். அயிரை மீன் சொல்லி வச்சிருக்கேன். மறுபடியும் ஆபரேசன்னா இன்னைக்கே இருக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க, அப்பப் போயித் தேட முடியுமா? தப்பா நெனைக்காத. கை நல்லாகணும்னுதான் எனக்கும். நேத்து திருப்பரங்குன்றம் போயிருந்தேன், முருகன் முன்னாடி அம்புட்டு நேரம் நின்னேன். கை நல்லாகணும்னு கேக்கத்தான் போனேன். அங்க போயி நின்னா வாய் வரல. ஒனக்குத் தெரியாததா, நீயே பாத்து எது நல்லதோ செய்யின்னு மட்டும் சொல்லிட்டுத் திருநீறை வாங்கிட்டு வந்துட்டேன். சாமிகிட்ட அதுக்கு மேல என்ன சொல்றது?

அதனால தாயி, ஒனக்கும் நான் சொல்றது ஒண்ணுதான். யாரு என்ன சொன்னாலும் பிள்ளைக்கு நீயே ஊட்டி விடு. தெம்பு இருந்தாத்தான நரம்பு வளரும்?

அந்தா, வந்துட்டாங்க. அந்த மஞ்சச் சட்டை, அதுதான் எங்க சஷ்டிகா. எளைச்சிட்டாளே! நான் அப்பவே நெனச்சேன். இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோ, உள்ள போயிட்டு வந்துர்றேன்.

*

இன்னும் இங்கதான் இருக்கியா? நல்ல பிள்ளை. போயிருப்பியோன்னு நெனச்சேன். ஒன் மடியில பாப்பா இன்னும் முழிக்கலையா? தூங்கட்டும், எழுப்பாத.

சரியாயிருச்சு தாயி. சஷ்டிகாவுக்குச் சரியாயிருச்சு. நீ தைரியமா இரு, ஒன் பிள்ளைக்கும் வந்துரும்.

என்னையப் பாத்ததும், 'அத்தை'ன்னு ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கிட்டா. மறக்கல. உள்ள போனோம். டாக்டர், 'விரலை விரி'ன்னாரு. அஞ்சு விரலையும் விரிச்சா. அம்புட்டு விரியும்னு நான் நெனைக்கல. அப்புறம் மேசையிலருந்து ஒரு தாளை எடுத்து மடிச்சு, சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல வச்சாரு. 'நான் இழுப்பேன், நீ விடக் கூடாது. விரலுக்குப் பலம் வந்திருச்சான்னு இதுலதான் தெரியும்'னாரு. ரேணுகா வாயைப் பொத்திக்கிட்டா. பால்பாண்டி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். நான் மட்டுந்தான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.

டாக்டர் இழுக்குறாரு. இவ நாக்கைக் கடிச்சுக்கிட்டு மூஞ்சி செவக்க நிக்கிறா. தாளு இம்மியா நகருது. சுண்டு விரல் வெடவெடன்னு ஆடுது, அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். 'விட்டுரு கண்ணு, போதும், விட்டுரு'ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. பாவம், சின்னப் பிள்ளை எதுக்கு இம்புட்டுச் செரமப்படணும்னுதான், வேற ஒண்ணும் இல்ல. ஆனா அவ விடல. என்னைத் திரும்பிப் பாக்கக்கூட இல்ல. தாளு கிழிஞ்சு பாதி டாக்டர் கையில, பாதி அவ விரல்ல.

எல்லாரும் கை தட்டுனாங்க. பால்பாண்டி குழந்தை மாதிரி அழுதான். அந்தப் பெனாசீர்கூட ஓடி வந்து பிள்ளைக்கு முத்தம் குடுத்தா. ஆபரேசன் வேணாமாம், இனி வரவே வேண்டாமாம். 'அத்தை, நானே மீனு முள்ளு எடுத்துச் சாப்பிடுறேன் தெரியுமா'ன்னு சஷ்டிகா சொல்றா. 'சமத்து'ன்னேன். பின்ன, நான் போட்ட சோத்துப் பலம் எங்க போகும்?

'எங்களோட ஊருக்கு வா அக்கா, ரெண்டு நாளு இருந்துட்டு வரலாம்'னான் பால்பாண்டி. வீட்டைப் போட்டுட்டு எப்பிடிப் போறது? அங்க எனக்கு என்ன வேலை? ஒரு நாளாவது நம்ம வீட்டுல தங்கிட்டுப் போங்கன்னேன். பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சையாம். அந்தக் கையாலயே எழுதப் போறாளாம். வெரசாப் போனாத்தான் பஸ்ஸு கெடைக்கும்னு கெளம்பிட்டாங்க.

சந்தோசந்தான். எனக்குச் சந்தோசமில்லாம வேற யாருக்கு? நீ ஏன் என்னைய அப்பிடிப் பாக்குற? கண்ணுல தண்ணி வந்தா அழுகுறேன்னு அர்த்தமா?

ஆனா அந்தத் தாளு மட்டும் அப்ப நழுவியிருந்துச்சுன்னா, இன்னைக்கு ராத்திரி அவ என் பக்கத்துலதான் படுத்திருப்பா.